அரிச்சுவடியும் நிகண்டும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் ஆண்டு விழா மேடையில் இலக்கியச் சொற்பொழிவும் இன்னிசையும் நாடகமும் நிகழ்வதே வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தினின்றும் சிறிது விலகி, கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்துள்ளனர். நான் பட்டம் பெற்றவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் பார்சல் அலுவலகத்தில் எழுத்தனாகப் பணிபுரிபவன். வயதும் நாற்பதைக் கடந்துவிட்டது. ஆயினும் இப்பொருளைப் பற்றிப் பேசுதற்கு இவையே எனக்குள்ள தகுதிகள் என்று கருதுகிறேன். நான் கூறவந்தது கணிப்பொறியின் பெருமையை அன்று. அதன் மொழியொன்றைக் கற்கத் தொடங்குவோனுக்கு ஏற்ற நூல் எங்கே கிடைக்கும், கிடைத்த நூல் ஏற்றதுதானா என்பதை எவ்வாறு அறிவது என்பதையே கூறவந்தேன். தொடங்குவோன் படும் பாட்டைத் தொடங்கியவனே அறிவான்.

நாம் வாழும் இக்கரக்பூர் கல்விக்குப் பெயர்பெற்ற ஊர். முன்னர்த் தடுப்புக்காவல் முகாமாக இருந்த ஹிஜ்லிக் கட்டடத்தில் 1951 ஆம் ஆண்டு நாட்டின் முதல் தொழில்நுட்பக் கழகம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது இவ்வூரிலேதான். இரயில் பாதைக்கு ஒருபுறம் அப்பெருங் கல்விக்கூடம். மறுபுறம் பணிமனையும் நம் குடியிருப்புகளும். அங்கே புகுவோர்க்கு ஆசிரியர் உளர், ஆய்வுக்கூடம் உளது. இங்கிருந்து கற்க விழைவோர்க்கு உள்ள ஆசிரியர் நூல் ஒன்றே. ஆகவே நூல் நல்லதாக அமைவது நமக்கு இன்றியமையாதது. நூல் கைவிட்டால் நமக்கு வேறு துணை இல்லை.

கணிப்பொறிக்குக் கட்டளையிடும் மொழியை நிரல்மொழி என்கிறோம். இம்மொழிகள் பலவாகும். அவற்றுள் பைத்தான் முதலிய சில, நம் முதன்மை இரயில் பாதை போன்றவை. எந்நேரமும் வண்டி உண்டு. விசாரணைச் சாளரம் உண்டு. வழி தெரியாது நிற்போனைக் கைப்பிடித்து ஏற்றிவிட ஆயிரம் பேர் உண்டு. வேறு சில, கிளைப்பாதைகள் போன்றவை. ஆங்கு ஹால்ட் நிலையங்களே உள்ளன. பெயர்ப்பலகையின் எழுத்து அழிந்திருக்கும், கேட்டறிய ஆளிராது. ஆயினும் அப்பாதைகள் சென்றுசேரும் ஊர்களின் அழகு, முதன்மைப் பாதையில் செல்வோர் காணாதது.

அத்தகைய கிளைப்பாதை ஒன்றின் பெயர் ஃபோர்த். அதனை அமைத்தவர் அமெரிக்க நாட்டினராகிய சார்லஸ் மூர் என்பவர். 1960களில் தம் சொந்தப் பயனுக்காகச் சிறிது சிறிதாக அவர் உருவாக்கிய கருவி அது. நான்காம் தலைமுறை என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே அவர் பெயராகத் தேர்ந்தார். ஆனால் அவர் கையாண்ட ஐபிஎம் 1130 என்னும் பொறி, கோப்பின் பெயரில் ஐந்து எழுத்துகளுக்கு மேல் இடங்கொடுக்கவில்லை. ஆகவே ஆங்கிலத்தில் ஓரெழுத்துக் குறைந்து, அப்பெயர் ஃபோர்த் என நிலைத்தது. 1971 ஆம் ஆண்டு அரிசோனாவில் கிட் பீக் மலைமேல் உள்ள வானலைத் தொலைநோக்கியை இயக்குதற்கு அம்மொழி பயன்பட்டது. எலிசபெத் ராதர் என்னும் அம்மையார் அவருடன் சேர்ந்து உழைத்தார். 1973 இல் அம்மொழிக்கென்றே ஒரு நிறுவனமும் எழுந்தது. 2014 நவம்பரில் வால்வெள்ளி ஒன்றின்மேல் சென்றிறங்கிய ஃபிலே என்னும் கலத்தினுள் இருந்த ஆர்டிஎக்ஸ் 2010 என்னும் செயலிகள், ஃபோர்த் முறையில் இயங்குதற்கென்றே வடிக்கப்பட்டவை.

எத்துணையோ மொழிகள் இருக்க, எழுத்தனாகிய நான் இதனை நாடியதற்குக் காரணம் ஒன்றே. இது மிகச் சிறியது. பிற மொழிகளின் உள்ளமைப்பு பெருநகர் போன்றது. பிறந்து வளர்ந்தோரும் முழுதும் கண்டதில்லை. ஃபோர்த் ஒரு சிற்றூர். ஒருவன் தன் ஓய்வு நேரத்திலேயே அதன் தெருக்கள் அனைத்தையும் சுற்றிவர இயலும். அலுவலகத்தில் நாள்தோறும் ஒரு திரையின்முன் அமர்ந்து, அஃது இட்ட கட்டளைக்கு நான் கீழ்ப்படிகிறேன். ஒரு பொறியையேனும் அடிமுதல் நுனிவரை நானே அறிந்து ஆளவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அவ்வாசை பட்டதாரிகளுக்கு மட்டும் உரியதன்று.

இனி, நூல் தேடிய வரலாற்றைக் கூறுகிறேன்.

முதல் தடை, பெயரிலேயே உள்ளது. ஃபோர்த் என்பது ஆங்கிலத்தில் முன்னோக்கிச் செல்லுதலைக் குறிக்கும் பழகிய சொல். அதனை மட்டும் இட்டு இணையத்தில் தேடினால் ஸ்காட்லாந்தின் ஆறும் அதன் கழிமுகத்தின்மேல் உள்ள இரயில் பாலமும் வந்து நிற்கும். நம்மவர்க்குப் பாலத்தைக் காண்பது இன்பமே. ஆயினும் தேடியது அஃதன்று. மொழியின் பெயரோடு, எந்தப் பொறியில் எந்த அமைப்பைக் கொண்டு கற்கப்போகிறோமோ அதன் பெயரையும் சேர்த்துத் தேடுதல் வேண்டும். ஜிஃபோர்த் என்பது கட்டணமின்றிக் கிடைக்கும் அமைப்பு. வீட்டுக் கணிப்பொறியில் இயங்குவது. ஃபிளாஷ்ஃபோர்த் என்பது சிறு மின்பலகைகளில் உள்ள நுண்செயலிகளுக்கானது. அப்பெயர்களை இட்டுத் தேடினால் வழி உடனே குறுகித் தெளிவாகிறது.

இரண்டாம் தடை, காலத்தால் நேர்ந்த மாற்றம். ஃபோர்த் மொழிக்கு 1979 இல் ஒரு நெறிமுறை வகுக்கப்பட்டது. 1983 இல் மற்றொன்று. 1994 இல் அமெரிக்க தேசியத் தரமாக இன்னொன்று. அதன்பின் 2012 இன் பெயரால் வழங்குவது ஒன்று. இவை ஒன்றுக்கொன்று முழுதும் ஒத்தவை அல்ல. எடுத்துக்காட்டு ஒன்று தருகிறேன். ஐந்தும் ஐந்தும் சமமா என்று பொறியைக் கேட்டால், ஆம் என்பதற்கு அடையாளமாக 1979 இன் நெறிமுறைப்படி அஃது 1 எனக் கூறும். 1983 முதல் வந்த நெறிமுறைகளின்படி -1 எனக் கூறும். நாட் என்னும் கட்டளைச்சொல் 1979 இல் ஒரு பொருளும், 1983 இல் வேறொரு பொருளும் பெற்று, 1994 இன் நெறிமுறையில் இடமே பெறாது ஒழிந்தது. பழைய நூலைக் கையிற்கொண்டு புதிய பொறியின்முன் அமர்பவன், நூலில் 1 என்றிருக்கத் திரையில் -1 என்று காண்பான். நூலும் பிழையன்று, பொறியும் பிழையன்று. ஆனால் அவன் தன்னையே ஐயுறுவான். சென்ற ஆண்டின் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நடைமேடையில் நிற்போனின் நிலை அது. அட்டையில் உள்ள ஆண்டை முதலிற் பார் என்று அவனுக்குச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

மூன்றாம் தடையே பெருந்தடை. நூல் கிடைக்கிறது; ஆண்டும் சரியாக உள்ளது; ஆனால் அஃது என்போன்றோர்க்காக எழுதப்பட்டதன்று.

இதனை விளக்க ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். நம் குடியிருப்பில் உடன் பணிபுரியும் தோழர் ஒருவரின் மகள், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கணிப்பொறியில் ஆர்வம் உடையவள். பள்ளியில் வங்கமொழி, வீட்டில் தமிழ், நூலில் ஆங்கிலம் என மும்மொழிக்கு நடுவே வளர்ந்த பெண். நான் கற்பதைக் கேள்வியுற்று, தானும் முயல விரும்பினாள். மொழியின் நெறிமுறை நூலைத் தானே தேடியெடுத்து, ஒரு வாரம் படித்தாள். பின்னர் என்னிடம் வந்து, “மாமா, இதை எழுதினவங்க என்னை மனசுல வெச்சு எழுதல போலிருக்கு. இதுக்கெல்லாம் எனக்கு மூளை பத்தாது, விட்டுடறேன்” என்றாள்.

அவள் கூறியதில் முதற்பகுதி முற்றிலும் உண்மை. இரண்டாம் பகுதி முற்றிலும் பொய். அந்நூல் அவளுக்காக எழுதப்பட்டதன்று. அம்மொழியைப் புதிய பொறிகளில் அமைத்துத்தரும் வல்லுநர் தமக்குள் ஒருமைப்பட நடத்தற்பொருட்டு வகுத்துக்கொண்ட நூல் அது. அதிலிருந்து கற்க இயலாமை மூளைக் குறைவன்று. ஆயினும் அவள் போன்ற எத்தனை பிள்ளைகள், தமக்குரியதல்லாத நூலின் முன் அமர்ந்து, தமக்குரியதல்லாத பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு, அமைதியாக எழுந்து சென்றுவிடுகின்றனர்! அவர்கள் குறை கூறுவதும் இல்லை. காரணம் கேட்பதும் இல்லை. கதவு பூட்டியிருந்தது என்பதைக்கூட அறியாமல், தமக்கு அவ்வீட்டில் இடமில்லை என்று முடிவு செய்துவிடுகின்றனர். இன்று நான் பேச எழுந்ததே அதன்பொருட்டுத்தான்.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தனர். திண்ணைப் பள்ளியில் நிகண்டும் மனப்பாடம் செய்வித்தனர். ஆனால் அரிச்சுவடி முடிந்த பின்னரே செய்வித்தனர். நிகண்டில் எல்லாச் சொல்லும் உண்டு. ஆனால் எழுத்தறியாதவனுக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. அரிச்சுவடியில் சொற்கள் சிலவே. ஆனால் அவற்றின்வழியே மற்றெல்லாச் சொற்களையும் அடையலாம். கணிப்பொறி நூல்களிலும் அரிச்சுவடி வேறு, நிகண்டு வேறு. இரண்டையும் ஆவணம் என்னும் ஒரே பெயரால் அழைப்பதனால் நேரும் குழப்பமே பெரிது. ‘இம்மொழிக்கு ஆவணம் நிறைய உள்ளதே’ என்று வல்லுநர் கூறுவர். உண்மைதான், நிகண்டு நிறைய உள்ளது.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தும் அழகுகள் பத்தும் வகுத்துள்ளமை நீங்கள் அறிந்ததே. அக்குற்றங்களுள் குன்றக் கூறலும் மயங்க வைத்தலும் கணிப்பொறிக் கையேடுகளில் மலிந்து கிடக்கக் காணலாம். இடையில் ஒரு படியை விட்டுவிட்டு மேற்படியில் ஏறி நின்று அழைப்பது குன்றக் கூறல். அறிமுகம் செய்யாத சொல்லைக்கொண்டு மற்றொரு சொல்லை விளக்குவது மயங்க வைத்தல். எண்ணூறு ஆண்டுகட்கு முன் பனையோலைக்கு வகுத்த இலக்கணம் இன்று கண்ணாடித் திரைக்கும் பொருந்துகிறது.

நல்ல அரிச்சுவடி ஃபோர்த் மொழிக்கு இல்லையா எனில், உண்டு. 1981 இல் லியோ பிராடி என்பவர் எழுதிய ‘ஸ்டார்ட்டிங் ஃபோர்த்’ என்னும் நூல் அத்தகையது. அது பின்னர்ப் புதிய நெறிமுறைக்கேற்பத் திருத்தப்பெற்று, இன்று இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கவும் கிடைக்கிறது. ஆசிரியரே வரைந்த நகைச்சித்திரங்கள் அதில் நிறைந்துள்ளன. பொறியினுள் நிகழும் செயல்களை உயிருள்ள மாந்தராக உருவகித்துக் காட்டுகிறார். முதல் இயலிலேயே கற்போன் ஒரு விண்மீன்குறியைத் திரையில் தோற்றுவிக்கிறான். பின்னர் அக்குறிகளை வரிசையாக்கி, ஆங்கில எழுத்தொன்றைப் பெரிதாக வரைந்துவிடுகிறான். இயல்தோறும் இறுதியில் பயிற்சிகள் உள்ளன. அவற்றிற்கு விடைகளும் உள்ளன.

இதனை அப்பெண்ணிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் மாலை அவள் தன் திரையைக் காட்டினாள். நூலில் இருந்த ஆங்கில எழுத்து அதில் இல்லை. விண்மீன்குறிகளால் வரைந்த ‘ப’ என்னும் தமிழெழுத்து நின்றது. இருபுறமும் நிமிர்ந்த இரண்டு கோடுகள், அடியில் கிடந்த ஒரு கோடு. நூலாசிரியர் அதனைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தான் கற்றதைக்கொண்டு, நூலில் இல்லாத ஒன்றை அவளே செய்தாள். கற்போனைத் தன்னைவிட்டு நடக்கச் செய்வதே அரிச்சுவடியின் பயன்.

அதே ஆசிரியர் 1984 இல் ‘திங்கிங் ஃபோர்த்’ என்னும் மற்றொரு நூலையும் எழுதினார். அதுவும் சிறந்த நூலே. ஆனால் நிரல்களைத் திட்டமிட்டுப் பகுத்தமைக்கும் முறையைக் கூறுவது. அது இரண்டாம் படி. ஒருவரே எழுதியவை ஆயினும், முன்பின் மாறிப் படித்தால் பயன் தாரா. ஜிஃபோர்த் அமைப்போடு வரும் கையேட்டினுள்ளும் கற்போர்க்கெனப் பயிற்சிகளுடன் ஓர் இயல் தனியே உள்ளது. பெரிய கையேட்டின் நடுவே அது மறைந்திருத்தலால் பலர் காண்பதில்லை. ‘ஈஸிஃபோர்த்’ என்னும் மற்றொன்றும் உண்டு. அதனைப் படிக்கும் பக்கத்திலேயே கட்டளைகளைத் தட்டெழுதலாம். எண்கள் அடுக்கில் ஏறுவதும் இறங்குவதும் அருகிலேயே கண்ணுக்குப் புலனாகும்.

அடுக்கு என்றேன், அஃது யாதெனக் கூறாது மேற்செல்லின் நானும் மயங்க வைத்தவன் ஆவேன். ஆகவே விளக்குகிறேன். இரயில்வே குடும்பத்தினராகிய நமக்கு இஃது எளிது. யார்டில் ஒரு முனை மூடிய சைடிங் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதனுள் முதலில் ஒரு வாகனைத் தள்ளுகிறோம். பின்னர் மற்றொன்றைத் தள்ளுகிறோம். வெளியே இழுக்கும்போது எது முதலில் வரும்? கடைசியில் புகுந்ததே முதலில் வரும். ஃபோர்த் மொழியின் அடுக்கு இத்தகைய சைடிங்கே. 2 என்று எழுதினால் 2 உள்ளே செல்கிறது. 3 என்று எழுதினால் 3 அதற்குப் பின்னே நிற்கிறது. கூட்டற்குறியை எழுதினால், பொறி இரண்டையும் வெளியே இழுத்து, கூட்டி, 5 என்னும் ஒரே வாகனாக உள்ளே தள்ளுகிறது. இறுதியில் ஒரு புள்ளி இட்டால், அந்த 5 வெளியேறித் திரையில் தோன்றுகிறது. ஆக, எழுதவேண்டிய கட்டளை இவ்வளவே:

2 3 + .

ஒவ்வொன்றற்கும் நடுவே இடைவெளி விடுதல் வேண்டும். அவ்வளவே இலக்கணம். ஹாலந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா, நாம் வழக்கமாக எழுதும் கணக்கை இவ்வரிசைக்கு மாற்றும் முறையொன்றை 1961 இல் வெளியிட்டார்; நம் ஷண்டிங் யார்டின் பெயராலேயே அது வழங்குகிறது. வாகன்களைப் பிரித்துச் சேர்க்கும் நம் தோழர்களின் தொழில், கணிப்பொறி இயலில் இப்படி ஒரு பெயராக நிலைபெற்றுள்ளது.

இவ்விடத்தில் நம் மொழிக்குரிய பெருமை ஒன்றையும் கூறவேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஃபோர்த் நூல்கள், எண்கள் முன்னும் செயல் பின்னும் வருவது விந்தையாகத் தோன்றும் என்று கற்போரைத் தேற்றுகின்றன. அவ்வரிசை அம்மொழியினர்க்குத் தலைகீழாகத் தோன்றுவது இயல்பே. நமக்கோ? ‘இரண்டையும் மூன்றையும் கூட்டு’ என்கிறோம். வினை இறுதியில் நிற்பது தமிழின் இயற்கை. வீட்டில் தாய் மகனிடம், ‘அந்தச் சொம்பையும் தட்டையும் எடு’ என்கிறாள்; பொருள்கள் முன்னே, செயல் பின்னே. ஆங்கிலேயனுக்கு ஓர் இயல் தேவைப்படும் இடத்தில் தமிழனுக்கு ஒரு வரி போதும். நம்மைப்போலவே வினையை இறுதியில் வைத்துப் பேசும் ஜப்பானியர், 1980களிலேயே ஃபோர்த் வழியை ஒட்டி, தம் மொழிச் சொற்களால் எழுதத்தக்க மைண்ட் என்னும் நிரல்மொழியை அமைத்துக்கொண்டனர்.

இன்னொன்றும் காண்க. இம்மொழியில் நமக்கு வேண்டிய சொல்லை நாமே படைத்துக்கொள்ளலாம். முக்காற்புள்ளி இட்டு, புதுச் சொல்லை எழுதி, அதன் பொருளை எழுதி, அரைப்புள்ளியால் முடித்தால் போதும். ஜிஃபோர்த் அமைப்பில் அச்சொல் தமிழெழுத்தில் இருக்கலாம்.

: கூட்டு + ;
: காட்டு . ;
2 3 கூட்டு காட்டு

இவ்வாறு எழுதினால் பொறி 5 என விடை தருகிறது. எடை 35 கிலோ வீதம் 12 பொதிகள் வந்துள்ளன எனின், ‘மொத்தஎடை’ என்னும் சொல்லைப் பெருக்கற்குறியால் படைத்துக்கொண்டு, 12 35 மொத்தஎடை காட்டு என எழுதினால் 420 எனத் தோன்றும். பார்சல் எழுத்தனின் சொல், பார்சல் எழுத்தனின் கணக்கு, தமிழின் வரிசை. இதற்குப் பட்டம் வேண்டுமா என்பதை நீங்களே கூறுங்கள்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து, ஒரு நூல் தொடங்குவோர்க்கு ஏற்றதா என அறிதற்கு ஐந்து உரைகற்களைக் கூறுகிறேன். ஃபோர்த் மட்டுமன்று; அதிகம் வழங்காத எம்மொழியைக் கற்கப் புகுவோர்க்கும் இவை பயன்படும்.

முதலாவது, நூல் எந்த அமைப்புக்கு, எந்த ஆண்டில், யாருக்காக எழுதப்பட்டது என்பதை முன்பக்கத்திலேயே கூறுகிறதா என்று பாருங்கள். அனைவர்க்கும் உரியது என்று கூறும் நூல் பெரும்பாலும் ஒருவர்க்கும் உரியதன்று.

இரண்டாவது, முதற் சில பக்கங்களுக்குள் நம் கையால் ஏதேனும் ஒன்றைச் செய்வித்து, அதன் பயனைக் கண்ணால் காணச்செய்கிறதா என்று பாருங்கள். வரலாற்றிலும் பெருமையிலும் பல பக்கம் கழிக்கும் நூலைப் பின்னர்ப் படிக்கலாம்.

மூன்றாவது, தவறு நேர்ந்தால் என்ன தோன்றும் என்பதைக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஃபோர்த் மொழியில் சைடிங் வெறுமையாக இருக்கும்போது கூட்டற்குறி இட்டால், அடுக்கில் எண் இல்லை என்னும் பொருள்படப் பொறி முறையிடும். இதனை முன்னரே வேண்டுமென்று செய்துகாட்டும் நூல், கற்போனின் அச்சத்தைப் போக்குகிறது. வெற்றியை மட்டும் காட்டும் நூல் அவனை முதல் தடுக்கலிலேயே தனியே விட்டுவிடுகிறது.

நான்காவது, ஒரு புதுச் சொல்லை விளக்கிய பின்னரே பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். ஏதேனும் ஒரு நடுப்பக்கத்தைத் திறந்து, அங்குள்ள அருஞ்சொல் ஒன்றை எடுத்து, அது முன்னே எங்கேனும் விளக்கப்பட்டுள்ளதா எனத் தேடுங்கள். ஐந்து நிமிடத்தில் நூலின் தரம் தெரிந்துவிடும்.

ஐந்தாவது, பயிற்சியும் அதற்கு விடையும் உண்டா என்று பாருங்கள். ஆசிரியர் அருகில் இல்லாதவனுக்கு விடைப்பகுதியே ஆசிரியர். விடையில்லாப் பயிற்சி, பதில் வாராக் கடிதம் போன்றது.

இவ்வைந்தும் அமைந்த நூல் கிடைத்தால், அதனை ஒன்றாகவே பற்றிக்கொண்டு முடிவுவரை செல்க. கிடைத்தவற்றையெல்லாம் ஒருங்கே திறந்து வைத்தல் வேண்டா. அரிச்சுவடி முடிந்தபின் நிகண்டை எடுங்கள். அப்போது அதே நெறிமுறை நூல் நம்மை அச்சுறுத்தாது; கேட்டதற்கு விடை கூறும் உற்ற துணையாகும். அப்பெண்ணும் இன்று அந்நூலைத்தான் திறந்து பார்க்கிறாள். தொடக்கத்திலிருந்து படிப்பதற்காக அன்று, வேண்டிய சொல்லை மட்டும் தேடி அறிவதற்காக.

நண்பர்களே, நல்ல அரிச்சுவடிகள் ஏன் அரியவாக உள்ளன என்பதையும் சிறிது எண்ணிப்பாருங்கள். வல்லுநர்க்கு மனமில்லை என்று நான் கூறமாட்டேன். பலர் ஊதியம் கருதாது உழைக்கின்றனர். ஆனால் ஒன்றை நன்கு கற்றவன், தான் அதனைக் கல்லாதிருந்த நாளை மறந்துவிடுகிறான். நீந்தக் கற்றவனுக்கு நீர் அஞ்சத்தக்கதாக இருந்த காலம் நினைவில் நில்லாது. அறிவு வளர வளர, அறியாமையின் நினைவு தேய்கிறது. ஆகவே தொடங்குவோர்க்கு எழுதத் தக்கவர் பெரும்புலவர் மட்டும் அல்லர். நேற்றுக் கற்றவனும் இன்று எழுதலாம். எந்தப் படியில் கால் இடறும் என்பது அவனுக்கே நினைவிருக்கும்.

நம் இரயில்வேயில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. புதிதாக வரும் பாயிண்ட்ஸ்மேனுக்குப் பொதுவிதி நூல் உண்டு. பயிற்சிப் பள்ளியும் உண்டு. ஆயினும் அவனை யார்டுக்கு அழைத்துச்சென்று, ‘தம்பி, இங்கே நில், இதைப் பார், இப்பொழுது தொடாதே’ என்று காட்டிக்கொடுப்பவர் அவனுக்கு முன் வந்த அண்ணனே. விதிநூல் நிகண்டு, அண்ணனின் சொல் அரிச்சுவடி. அண்ணனின் சொல் காற்றோடு போகாமல் தாளில் ஏறினால், அவனை நேரிற் காணாத தம்பிக்கும் அது பயன்படும்.

ஆகவே நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஃபோர்த் மொழிக்குத் தமிழில் பதினாறு பக்க அரிச்சுவடி ஒன்றை நாமே எழுதுவோம். அதில் மூன்று பாடங்களை நான் எழுதி, அப்பெண்ணிடமும் வேறு இரு பிள்ளைகளிடமும் கொடுத்துப் பார்த்துள்ளேன். பார்க்கும் முறை எளியது. படிப்பவரின் அருகில் அமர்ந்து, எழுதியவன் வாய்திறவாதிருக்க வேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே பென்சிலால் ஒரு கோடு இட வேண்டும். கோடு விழுந்த இடத்தில் திருத்தப்பட வேண்டியது எழுத்தே, படிப்பவர் அல்லர். எஞ்சிய பாடங்களுக்கு இளைஞர்கள் கைகொடுக்க வேண்டுகிறேன். ஞாயிறு மாலையில் நம் நூலக அறையில் ஒரு மணி நேரமும், பழைய கணிப்பொறி ஒன்றும் கிடைத்தால் போதும்.

இதனால் நம் பிள்ளைகளுக்கு உடனே வேலை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஃபோர்த் கற்றோரைத் தேடி அழைக்கும் அலுவலகங்கள் மிகச் சிலவே. ஆயினும் தமிழை வீட்டுப் பேச்சாக மட்டும் அறிந்த வெளிமாநிலப் பிள்ளைக்கு, தன் தாய்மொழியின் வாக்கிய வரிசை ஒரு பொறியைக் கற்பதற்குக் கைகொடுக்கிறது என்னும் செய்தி சிறியதன்று. பத்தாம் வகுப்போடு நின்ற தொழிலாளிக்கு, தனக்குக் குறைவாக இருந்தது மூளையன்று, தனக்கேற்ற நூலே என்னும் தெளிவும் சிறியதன்று. அத்தெளிவு பிறந்தபின் அவர் எதனைக் கற்க விரும்பினாலும் தடையின்றிக் கற்பார்.

கணிப்பொறி அறியாத முதியோர்க்கும் ஒரு சொல். நீங்கள் அறிந்தது வேறாக இருக்கலாம்: ஊறுகாய் இடும் பக்குவம், ஓய்வூதியப் படிவம் நிரப்பும் முறை, மருத்துவமனையில் எந்தச் சாளரத்தில் முதலில் நிற்கவேண்டும் என்னும் செய்தி. எதுவாயினும், புதிதாக இவ்வூருக்கு வரும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனத்தில் நிறுத்தி, ஒரு பக்கம் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். நமக்கு முன் வந்தோர் எழுதிவைக்காமையால் நாம் தட்டுத்தடுமாறிய வழியில், நமக்குப் பின் வருவோரும் தடுமாற வேண்டுவதில்லை.